தொலைக்காட்சிப் புதிர்ப்போட்டி இறுதிச் சுற்று: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள நம் ஊர் இடைநிலைப்பள்ளி மாணவர் மூவர் அடங்கிய அணி, தமிழ்த் தொலைக்காட்சிப் புதிர்ப்போட்டியின் இறுதிச் சுற்றில் கிள்ளானிலிருந்து வந்த அணியிடம் 185-க்கு 190 என்ற புள்ளிக் கணக்கில் தோற்றது. கடைசிக் கேள்விக்கு முன்புவரை நம் அணிதான் ஐந்து புள்ளிகள் முன்னணியில் இருந்தது. நிகழ்ச்சி ஒளியேறிய நாள் முதல் சந்தையிலும் கோயில் வாசலிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் ஒரே விதமான கேள்விகள் என்னிடம் கேட்கப்பட்டு வருகின்றன. இவ்வணியைப் பயிற்றுவித்த இரண்டு ஆசிரியர்களில் நானும் ஒருவர் என்பதால், அவற்றுக்கெல்லாம் ஒரே இடத்தில் எழுத்தில் பதில் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

கடைசிக் கேள்வியில் உண்மையில் என்ன நடந்தது?

கேள்வியின் முழு வடிவம் இது: "ரப்பர் மரத்தைப் பழுதாக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தவராகப் போற்றப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, அப்பொறுப்புக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்ட பேரா மாநிலத்தின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் யார்?" (ரெசிடெண்ட் என்பவர் சுல்தானுக்கு ஆலோசகராக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி.)

அறிவிப்பாளர் "தாவரவியல் பூங்காவின் இயக்குநர்" என்ற இடத்துக்கு வந்தபோது நம் அணியின் நடுவில் அமர்ந்திருந்த மாணவி மணிப்பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது, அறிவிப்பாளர் நிறுத்தினார். மாணவி "ரிட்லி" என்றார். அடுத்ததாக வாசிக்கப்படவிருந்த சொல்லே அதுதான். ஆனால் கேள்வி கேட்டது ரிட்லியை அன்று. நடுவர் தவறு என்று அறிவித்து ஐந்து புள்ளிகளைக் கழித்தார். பின்னர் கேள்வி முழுவதும் எதிரணிக்கு வாசிக்கப்பட்டது. அவர்கள் மூவரும் தலைகளைச் சேர்த்து நான்கு வினாடிகள்போல் பேசிவிட்டு "ஹியூ லோ" என்றார்கள். அதற்கு ஐந்து புள்ளிகள் கிடைத்தன.

நடுவரின் தீர்ப்பு சரியானதா?

சரியானது. இதைத் தயக்கமின்றி எழுதுகிறேன். கேள்வி முடியும் முன் குறுக்கிட்டுத் தவறாகச் சொன்னால் ஐந்து புள்ளிகள் குறையும், எதிரணி முழுக் கேள்வியையும் கேட்டுச் சரியாகச் சொன்னால் ஐந்து புள்ளிகள் பெறும் என்பது எங்களுக்கு முன்கூட்டியே தரப்பட்ட விதித்தாளில் தெளிவாக இருந்தது. அத்தாளில் நானும் கையொப்பமிட்டேன். குறுக்கிட்டுத் தவறும் அணிக்கு ஐந்து புள்ளி குறைப்பது உலகின் பழைய மாணவர் புதிர் நிகழ்ச்சிகளிலும் உண்டு. பிரிட்டனில் 1962-இல் தொடங்கிய ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ நிகழ்ச்சியிலும் அதுதான் நடைமுறை. அப்படி ஒரு விலை வைக்காவிட்டால், முதல் சொல்லைக் கேட்டதும் பொத்தானைத் தட்டிவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லும் அணியே வெல்லும்.

பொத்தானை அழுத்தாமல் இருந்திருந்தால் நாம் வென்றிருப்போமா?

இக்கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், பெரும்பாலும் குற்றம் சாட்டும் குரலில். கணக்கைப் பார்ப்போம். நாம் 190, அவர்கள் 185. நாம் அழுத்தாமல் இருந்து, கிள்ளான் அணி முழுக் கேள்வியையும் கேட்டபின் அழுத்திச் சரியாகச் சொல்லியிருந்தால், முதலில் அழுத்திச் சரியாகச் சொல்லும் அணிக்குரிய பத்துப் புள்ளிகள் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். 195-க்கு 190 என்று அப்போதும் தோற்றிருப்போம். இரண்டு அணிகளும் அழுத்தாமல் இருந்தால் மட்டுமே, அல்லது அவர்கள் தவறாகச் சொல்லியிருந்தால் மட்டுமே, வாளாவிருந்து நாம் வென்றிருக்க முடியும். அவர்களுக்கு விடை தெரிந்திருந்தது என்பதை அனைவரும் கண்ணால் பார்த்தோம். ஆகவே அந்த இடத்தில் அழுத்துவது என்ற முடிவு பிழையன்று. அழுத்திய கணம்தான் ஒரு சொல் முந்திவிட்டது. "இயக்குநர் ரிட்லி" என்ற பெயரைக் கேட்டிருந்தாலே, விடை வேறொருவர் என்பது அம்மாணவிக்குப் புரிந்திருக்கும்.

நம் ஊரே கோலகங்சார் மாவட்டத்தில்தானே இருக்கிறது? ஹியூ லோவை நம் பிள்ளைகளுக்குத் தெரியாதா?

தெரியும். கோலகங்சாரில் இன்றும் வேலியிட்டுக் காக்கப்படும் பழைய ரப்பர் மரத்தை அணியினர் மூவரும் நேரில் பார்த்தவர்கள். ஹென்றி விக்ஹாம் 1876-இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனதும், அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனதும், 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததும், அவற்றில் ஒன்பதைப் பேரா ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டதும் எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் அடுத்தடுத்த வரிகளாக இருந்தன. ரிட்லி 1888-இல்தான் சிங்கப்பூர் வந்தார். மரத்தின் உயிரடுக்கில் காயம் படாமல் பட்டையை மட்டும் மீன்முள் வடிவில் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்து, தோட்ட முதலாளிகளிடம் விதைகளைக் கொடுத்து நடச் சொல்லி வற்புறுத்தினார். மலாக்காவில் டான் சே யான் 1896-இல் ரப்பரை வணிகப் பயிராக நட்டது அதன் பிறகு. இவ்வளவையும் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைதான் அன்று "ரிட்லி" என்றார். விடை தெரியாமல் தோற்கவில்லை; கேள்வி எது என்பது தெரியும் முன்பே விடை சொல்லித் தோற்றோம்.

அப்படியானால் முழுக் கேள்வியையும் கேட்டபின் அழுத்தும்படி ஏன் பயிற்சி தரவில்லை?

இதற்குச் சற்று நீண்ட பதில் தேவைப்படுகிறது, ஏனெனில் இதுதான் மற்ற பள்ளிகளுக்கும் பயன்படக்கூடிய பகுதி.

முழுக் கேள்வியையும் கேட்டுவிட்டு அழுத்தும் அணி மணிப்பொத்தான் சுற்றில் ஒரு கேள்வியைக்கூடப் பெறாது. காலிறுதியிலும் அரையிறுதியிலும் நம் அணி வென்றதே முந்தி அழுத்தியதால்தான். முந்தி அழுத்தச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் தமிழில் முந்தி அழுத்துவதில் தனியான ஓர் ஆபத்து இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘யார்’, ‘எது’, ‘எங்கே’ என்ற சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடக்கூடும். கேட்கப்படுவது ஆளா, ஊரா, ஆண்டா என்பது முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். தமிழில் வினாச்சொல் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்கிறது. அதற்கு முன் வரும் அடைமொழிகள் எவ்வளவு நீண்டாலும், அவை யாரை நோக்கிப் போகின்றன என்பதைப் பெயரும் அதன்மேல் ஏறும் உருபும்தான் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் அரையிறுதியில் வந்த ஒரு கேள்வி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. "1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்" என்று அறிவிப்பாளர் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்துகொண்டிருந்த காலத்தில், மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடமே பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கத் தொடங்கிய சங்கம் அது என்பது நம் ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். எதிரணி அந்த இடத்திலேயே அழுத்தி "துன் சம்பந்தன்" என்றது. கேள்வியோ "தோற்றுவித்தவர் பிறந்த ஊர் எது?" என்று முடிந்தது. முழுக் கேள்வியும் வாசிக்கப்பட்டதும் நம் பிள்ளைகள் "சுங்கை சிப்புட்" என்று சொன்னபோது அவர்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நீங்கள் திரையில் பார்த்திருப்பீர்கள். அரையிறுதியில் எந்தக் கண்ணி நமக்கு வெற்றி தந்ததோ, இறுதிச் சுற்றில் அதே கண்ணியில் நாம் சிக்கினோம்.

ஆகவே இப்போது பயிற்சியில் ஒரு வழக்கத்தைச் சேர்த்திருக்கிறோம். "இயற்றியவர்", "கண்டறிந்தவர்", "இயக்குநர்", "தலைவர்" என எழுவாய்போல் ஒலிக்கும் சொல்லைக் கேட்டதும் விரலைப் பொத்தான்மேல் வைக்கலாம், அழுத்தக் கூடாது. அடுத்த ஓர் அசை வரட்டும். ‘யார்’ என்று வந்தால் அழுத்தலாம். ஒரு பெயரோ ‘பிறந்த’, ‘எழுதிய’, ‘முன்’ போன்ற சொல்லோ வந்தால் கேள்வி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இலக்கண வகுப்பில் பெயரெச்சமும் வேற்றுமையும் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் மாணவர்கள், இப்பயிற்சிக்குப் பிறகு அவற்றைக் காதால் பிடிக்கப் பழகியிருக்கிறார்கள்.

எதிரணி "கோலாலம்பூர், மலாயா" என்று சொன்னதை நடுவர் ஏன் ஏற்றுக்கொண்டார்? அது தவறில்லையா?

முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் எந்த நகரில் நடந்தது என்பது கேள்வி. மலேசியா 1963 செப்டம்பர் 16-ஆம் நாள் உருவாகிவிட்டதால், 1966-இல் நாட்டின் பெயர் மலாயா அன்று என்ற வாதம் உண்மைதான். ஆனால் கேட்கப்பட்டது நகரம், நகரம் சரி. கேட்காத ஒன்றைக் கூடுதலாகச் சொல்லி அதில் பிழைத்தால் புள்ளியை மறுக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. நம் வீடுகளில் பாட்டி தாத்தாக்கள் இன்றும் மலாயா என்றுதான் சொல்கிறார்கள்.

இதைக் கேட்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். திருக்குறளில் 25 அதிகாரங்கள் கொண்ட பால் எது என்ற கேள்விக்கு நம் அணி "காமத்துப்பால்" என்றது. அறிவிப்பாளரின் அட்டையில் "இன்பத்துப்பால்" என்று இருந்தது. அவர் ஒரு கணம் தயங்கி நடுவரைப் பார்த்தார். நடுவர் இரண்டும் ஒன்றே என்று சொல்லிப் பத்துப் புள்ளிகளைத் தந்தார். அந்தத் தாராளத்தைப் பற்றி நம் ஊரில் இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு அணிகளுக்கும் நடுவர் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்தினார்.

நான்காம் சுற்றில் இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் அழுத்தியதுபோல் திரையில் தெரிந்தது. விளக்கு எப்படி அவர்கள் பக்கம் மட்டும் எரிந்தது?

மணிப்பொத்தான் கருவியின் வேலையே அதுதான். முதலில் அழுத்தப்பட்ட பொத்தானின் மின்சுற்று மூடிய கணத்தில், மற்ற அணியின் சுற்று பூட்டப்பட்டுவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு பலமாக அழுத்தினாலும் விளக்கு எரியாது. ஒலியைக் கேட்டு விரல் அசைவதற்கே மனிதருக்கு ஒரு வினாடியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் இருக்கும் வேறுபாடு அதிலும் சிறிய துளி. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது என்பதால்தான் கருவியிடம் விடுகிறோம். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் இரண்டு அணிகளின் பொத்தான்களையும் எங்கள் முன்னிலையில் சோதித்தார்கள்.

மேலும், இது நேரலை நிகழ்ச்சி அன்று. பதிவு காலையில் தொடங்கிப் பிற்பகல்வரை நடந்தது. நீங்கள் பார்த்தது ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிய தொகுப்பு. கடைசிக் கேள்வியில் நம் மாணவி விடை சொல்வதற்கு ஐந்து வினாடிகள் கொடுக்கப்பட்டன. தொகுப்பில் அழுத்தியதும் விடை வருவதுபோல் தெரிவதால், அவருக்கு அவகாசம் தரவில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். அவகாசம் தரப்பட்டது.

மேல்முறையீடு செய்தீர்களா?

இல்லை. செய்வதற்குக் காரணம் எதுவும் இல்லை.

எதைக்கொண்டு, எப்படிப் பயிற்சி செய்தீர்கள்?

முதல் இரண்டு மாதங்கள் எங்களிடம் பொத்தான் இல்லை. மேசையைத் தட்டினோம், யார் முதலில் தட்டினார் என்பதில் தினமும் சண்டை. பிறகு அணித் தோழர் ஒருவரின் தந்தை, மின்கம்பி வேலை செய்பவர், ஒரு பலகையில் இரண்டு அழைப்பு மணிப் பொத்தான்களையும் இரண்டு சிறு விளக்குகளையும் பொருத்தி, முதலில் அழுத்தியது மட்டும் எரியும்படி செய்துகொடுத்தார். இடது பக்கப் பொத்தான் சற்று இறுக்கமானது. அந்தப் பக்கம் யார் உட்காருவது என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள்.

கேள்விகளை நாங்களே எழுதினோம். நாட்டு வரலாறு, தமிழ் இலக்கியம், அறிவியல், உலகம் என்று நான்கு நோட்டுப் புத்தகங்கள். இவற்றில் நான்காவது மிக மெலிந்தது என்பதும், இறுதிச் சுற்றில் உலக நடப்புப் பகுதியில் நாம் இருபது புள்ளிகளைத் தவறவிட்டோம் என்பதும் மறைக்க வேண்டியவை அல்ல. கடைசிக் கேள்வியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த இருபது புள்ளிகள் இருந்திருந்தால் கடைசிக் கேள்வி வந்ததே யாருக்கும் நினைவிருக்காது.

படச் சுற்றில் ரப்பர் பால்வெட்டுக் கத்தியைப் பிள்ளைகள் எப்படி அவ்வளவு விரைவாகச் சொன்னார்கள்?

திரையில் கத்தியின் வளைந்த நுனி மட்டும் காட்டப்பட்டது. எதிரணி உளி என்று எண்ணியதாகப் பின்னர் சொன்னார்கள். நம் மாணவியின் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர்; அவருடைய கத்தி துணியில் சுற்றப்பட்டு இன்றும் அவர்கள் வீட்டு அடுக்களை இறவாணத்தில் செருகியிருக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஒருநாள் அதை வகுப்புக்குக் கொண்டுவந்தார். பாட்டியும் வந்தார். மரத்தில் வெட்டு எப்படி இறங்க வேண்டும் என்பதைச் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் காட்டினார். காயம் பட்டால் பட்டை முண்டு முண்டாக வளரும், பிறகு அந்தப் பக்கம் வெட்ட முடியாது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து ஏசுவார் என்றார். விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் வரிசையில், நின்றது, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்துத் துடைத்துவிட்டு வெட்டியது, மறுநாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டது, மழை வந்தால் அன்றைய பால் தண்ணீரோடு வழிந்து போனது என்று ஒரு மணி நேரம் பேசினார். இப்போது நம் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிவிட்டன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த குடும்பங்கள் பட்டணத்து வீடமைப்புகளுக்கு வந்துவிட்டன. அந்த வகுப்பில் இருந்த பதினொரு மாணவரில் வெட்டிய மரத்திலிருந்து பால் வடிவதைக் கண்டிருந்தவர் இருவர்தாம்.

நம் பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழியில் படிக்கிறார்கள். தமிழில் போட்டியிடுவது அவர்களுக்குக் கடினமாக இல்லையா?

கடினமாகத்தான் இருந்தது. நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன் பிறகு தமிழ் ஒரு பாடம் மட்டுமே, அதுவும் சில பள்ளிகளில் வகுப்பு நேரத்துக்குப் பின்னர். அறிவியல் விடைகள் அவர்களுக்கு முதலில் மலாயில்தான் வருகின்றன. ‘ஒளிச்சேர்க்கை’ என்று சொல்வதற்குள் ‘ஃபோத்தோசிந்தேசிஸ்’ என்று வாயில் வந்துவிடும். இந்தப் போட்டியில் அதையும் ஏற்றுக்கொண்டார்கள் என்பது நல்ல ஏற்பாடு.

பொத்தானை அழுத்திய மாணவி எப்படி இருக்கிறார்?

பதிவு முடிந்து கோலாலம்பூரிலிருந்து திரும்பும்போது வேனில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. ரவாங் தாண்டியதும் அழுதார். தாப்பாவில் நிறுத்தியபோது மற்ற இருவரும் அவருக்கு மைலோ வாங்கிவந்து கையில் கொடுத்தார்கள். நிகழ்ச்சி ஒளியேறும்வரை முடிவை வெளியில் சொல்லக் கூடாது என்ற நிபந்தனை இருந்ததால், ஐந்து வாரங்கள் அதைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டு பள்ளிக்கு வந்தார். பிறகு ஊரே பேசத் தொடங்கியது.

உங்களிடம் ஒன்றை வேண்டிக் கேட்கிறேன். கடையிலோ பேருந்து நிலையத்திலோ அவரைப் பார்க்கும்போது, "ஏன் அவசரப்பட்டாய்?" என்று கேட்காதீர்கள். நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். பதினாறு வயதுப் பிள்ளை ஒரே நாளில் அதை ஏழு பேரிடம் கேட்க நேர்ந்தது. இறுதிச் சுற்றில் மணிப்பொத்தான் மூலம் நம் அணி பெற்ற புள்ளிகளில் பாதிக்கும் மேல் அவர் விரலால் வந்தவை. முந்தி அழுத்தும்படி அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான். கேட்க வேண்டிய கேள்வி இருந்தால் என்னிடம் கேளுங்கள்.

பரிசு என்ன கிடைத்தது?

இரண்டாம் நிலைக்கான கிண்ணமும் புத்தகங்களும். கிண்ணம் பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. புத்தகங்கள் நூலகத்தின் தமிழ் அடுக்கில் சேர்க்கப்பட்டுவிட்டன. மாணவர் எவரும் இரவல் பெறலாம்.

அடுத்த ஆண்டு அணியில் என் பிள்ளை சேர முடியுமா?

படிவம் 1 முதல் 4 வரையிலான மாணவர் எவரும் வரலாம். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பள்ளி நூலகத்தில் பயிற்சி தொடங்கும். ஒரு நோட்டுப் புத்தகமும் தண்ணீர்ப் புட்டியும் போதும். தமிழ்ப்பள்ளியில் படிக்காத மாணவர்களும் தயங்காமல் வரலாம், வாசிக்கத் தெரிந்தால் சரி. உலக நடப்பு நோட்டை நிரப்புவதற்குப் பெற்றோர் எவரேனும் வாரம் ஒரு மணி நேரம் உதவ முன்வந்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

கேள்விகளை வாசிக்கும் பொறுப்பை இப்போது அந்த மாணவியே ஏற்றிருக்கிறார். அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். இருப்பதால் அவர் போட்டியிட மாட்டார். நீண்ட கேள்விகளில் "இயக்குநர்", "தோற்றுவித்தவர்" என்பன போன்ற சொற்களில் வேண்டுமென்றே ஒரு மூச்சு நிறுத்திவிட்டு, எந்தப் பக்க விளக்கு எரிகிறது என்று பார்க்கிறார்.